யாரும் கேட்காத கை

இந்த வெக்கைக்கு நீங்கள் கோட்டைக் கழற்றி வைக்கலாம், முதலியார். பார்ப்பதற்கு இங்கே துரைமார் யாரும் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற கதிரையும் ஆடுகிறது, கவனம். மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புக்கென்று மணலில் முளைத்த ஊர் இது. இன்னும் சில கிழமையில் கொட்டில்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் அரசாங்கக் கந்தோருக்கு இதைவிட நல்ல கதிரை கிடைக்காது.

நீங்கள் வந்த வேலை முடிந்துவிட்டது. வங்காலை பஸ்ரியன், சுழியோடி, முந்தநாள் கடலுக்கடியில் மூச்சடைத்துச் செத்தான், ஒருவரிலும் பிழையில்லை என்று எழுதிவிட்டீர்கள். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான அலியார் சம்மாட்டி கையெழுத்து வைத்துவிட்டார். வள்ளத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற யாகப்பர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டான். செத்தவனுக்குக் கயிறு பிடித்தவன், அவன் மனைவிக்குத் தமையன், மடுத்தீன் ஆகிய நான் மட்டும்தான் மிச்சம். பேனையை என்னிடம் நீட்டிக்கொண்டே பேச்சுக்குக் கேட்டீர்கள்:

“நீங்கள் சிப்பி வைச்சு விளையாடின அந்தக் கடதாசி விளையாட்டு என்ன, முந்நூற்றுநாலோ?”

ஊரில் கிழவிகளும் விளையாடுகிற முந்நூற்றுநாலு என்று கேட்டிராவிட்டால் நான் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழும்பிப் போயிருப்பேன். படித்தவர், தலைப்பாகை கட்டியவர், கச்சேரியில் துரைக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறவர் இப்படிக் கேட்டால் விளக்கம் சொல்லத்தான் வேண்டும். பேனை இருக்கட்டும். கொஞ்சம் கேளுங்கள்.

அதற்குப் போக்கர் என்று பெயர். துரைமாருடைய விளையாட்டு என்றாலும் கஷ்டமில்லை, அவர்களுக்கே விளங்குகிறதே. ஆளுக்கு ஐந்து கடதாசி, இந்தியக் கரையில் சீட்டு என்பார்கள். அந்த ஐந்தையும் சேர்த்துக் கை என்பார்கள். கையைப் பார்த்துவிட்டு நடுவில் ஏதாவது வைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். பிறகு வேண்டாத கடதாசிகளைக் கொடுத்து அத்தனைக்கு வேறு வாங்கலாம். வாங்கியபின் மறுபடியும் வைக்க வேண்டும். ஒருவன் ஏற்றி வைத்தால் மற்றவன் அதே அளவு வைத்துக் ‘காட்டு’ என்று கேட்கலாம், அதற்கு மேலும் ஏற்றலாம், அல்லது கவிழ்த்துவிடலாம். கேட்டவனுக்குக் கையைக் காட்டியே ஆக வேண்டும். பெரிய கைக்காரனுக்கு நடுவில் கிடப்பதெல்லாம்.

எது பெரிது என்பதைப் பாடமாக்க ஒரு பின்னேரம் போதும். ஒரே மாதிரி இரண்டு வந்தால் சோடி. இரண்டு சோடி அதை வெல்லும், ஒரே மாதிரி மூன்று அதையும் வெல்லும். பிறகு வரிசையாக ஐந்து, பிறகு ஐந்தும் ஒரே சாதி, பிறகு மூன்றும் சோடியும் சேர்ந்து வந்த கை, அதற்கு மேலே ஒரே மாதிரி நாலு. இவ்வளவையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போக்கர் தெரியும் என்று சொல்கிறவன், துடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வள்ளம் ஓட்டத் தெரியும் என்கிறவன் மாதிரி.

ஏனென்றால் ஒன்றுமே வராத கையோடும் இதில் வெல்லலாம். வெறுங்கையை வைத்துக்கொண்டு தைரியமாக ஏற்றிக்கொண்டே போனால், எதிரில் இருக்கிறவன் பயந்துபோய்த் தன் நல்ல கையைக் கவிழ்த்துவிடுவான். நாங்கள் அதை வெருட்டு என்று சொன்னோம். வெருட்டத் தெரிய வேண்டும், வெருட்டுகிறவனைக் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும். அதற்கு ஆளைப் பார்க்க வேண்டும். கடதாசியைப் பார்த்துக்கொண்டிருப்பவன் கடைசிவரை கடதாசியைத்தான் பார்ப்பான்.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற பிழைகள் எனக்கு அலுத்துப்போனவை. வந்த கையெல்லாம் விளையாடுவார்கள். கெட்ட கை என்று தெரிந்த பிறகும், இவ்வளவு வைத்துவிட்டோமே என்று அதை விடமாட்டார்கள். எல்லாவற்றிலும் பெரிய மடைமை வேறொன்று. மற்றவர்கள் எல்லாரும் கவிழ்த்துவிட்டார்கள், யாரும் காட்டு என்று கேட்கவில்லை, நடுவில் கிடப்பதெல்லாம் அவனுக்குத்தான். அள்ளிக்கொண்டு வாயை மூடவேண்டியதுதானே? மூடமாட்டான். “என்னட்டை என்ன இருந்தது தெரியுமோ?” என்று கையை மல்லாத்திக் காட்டுவான். யாரும் கேட்காத கையைக் காட்டுகிறவனை நான் மனிதரில் சேர்ப்பதில்லை.

இதை நான் மன்னாரில் ஒரு துரையின் பங்களாவில் படித்தேன். அங்கே எனக்கு மேசை வேலை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் துரையும் கூட்டாளிமாரும் விளையாடுவார்கள். நான் துரையின் கதிரைக்குப் பின்னால் கிளாஸ் தட்டோடு நிற்பேன். துரையின் கையும் தெரியும், மற்றவர்களுடைய முகங்களும் தெரியும். அந்த இடத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. துரை சுத்த மண்டு. மூன்று ராசா வந்தாலும் தோற்பார். ஒருநாள் கூட்டாளி ஒருவன் சிரித்துக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னான். உன் கையைப் பார்க்கத் தேவையில்லை, பின்னால் நிற்கிறவனைப் பார்த்தால் போதும், நல்ல கை என்றால் பணிவாக நிற்கிறான், கெட்ட கை என்றால் உன் பிடரியை அருவருப்போடு பார்க்கிறான் என்றானாம். அன்றைக்கே என்னைக் கலைத்துவிட்டார்கள். விளையாடத் தெரியாதவனுக்கு வேலைக்காரனுடைய முகம் ஒரு சாட்டு. போகும்போது அலுமாரியில் கிடந்த பழைய கடதாசிக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அதையும் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை போன பிறகு தங்கை மதலேனாள் வந்து கேட்டாள், இந்த முறை தன் புருசனுக்குக் கயிறு பிடிக்க வரமுடியுமா என்று. அவளுக்கு நான் ஒரே தமையன்.

கயிறு பிடிக்கிற விசயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரித்தான் தலையாட்டுவீர்கள், ஆகையால் சொல்லிவிடுகிறேன். சுழியோடி காலைக் கல்லில் வைத்துக்கொண்டு கீழே போகிறான். கழுத்தில் சிப்பி அள்ளிப் போடுகிற வலைப்பை. இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுநுனி வள்ளத்தில் நிற்கிறவன் கையில். மூச்சு முடிகிற நேரம் கீழே இருக்கிறவன் கயிற்றை வெடுக்கென்று இழுப்பான். மேலே நிற்கிறவன் அந்தக் கணமே தூக்க வேண்டும். நிறைந்த பையோடு தானாக நீந்தி மேலே வர முடியாது.

அந்தக் கயிற்றைச் சுழியோடி கண்டவனிடமும் கொடுக்கமாட்டான். கூடப்பிறந்தவனிடமும் கொடுக்கமாட்டான், கூடப்பிறந்தவனுக்குக் காணியில் கண் இருக்கலாம். மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பான். தங்கச்சி தாலியறுப்பதை எந்தத் தமையனும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான் என்று இவர்கள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவன், சோனகன் என்று வித்தியாசம் இல்லை, இந்தக் கரை முழுவதும் இதே கணக்குத்தான். ஒருவனுடைய உயிரை இன்னொருவனுடைய பாசத்தில் கட்டிக் கடலில் இறக்குகிறார்கள். அந்தப் பாசம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

இப்படித்தான் கடல் கட்டுகிறவரையும் நம்புகிறார்கள். அவர் கரையில் இருந்து மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறாராம். அரசாங்கம் அவருக்குப் பங்கு கொடுக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கரையில் என்னைவிட்டால் போக்கர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கையில் ஒன்றுமே இல்லாமல் ஒவ்வொரு குளிப்பிலும் அள்ளிக்கொண்டு போகிறார். காட்டு என்று துரைமாரும் கேட்டதில்லை, சுறாவும் கேட்டதில்லை.

மத்தியான வெடி கேட்டதும் வள்ளங்கள் கரைக்குத் திரும்பும். அரசாங்கம் தன் பங்கை எடுத்தபின் மிச்சம் எங்களுக்கு. பின்னேரம் முழுவதும் வேலை இல்லை. அழுகின சிப்பி நாற்றத்திலும் இலையான் மொய்ப்பிலும் மனிதர் பைத்தியமாகிவிடுவார்கள் என்றுதான் நான் கடதாசிக் கட்டை வெளியே எடுத்தேன். நடுவில் வைப்பதற்குச் சிப்பி. திறவாத சிப்பி. ஆட்டம் முடியும்வரை ஒன்றையும் திறக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். திறந்தால் முக்கால்வாசியில் சேறுதான் இருக்கும். மூடிக் கிடக்கும்வரை ஒவ்வொருவனும் உள்ளே பட்டாணி அளவில் முத்து இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வைப்பான்.

அலியார் சம்மாட்டிக்குப் பிடிக்கவில்லை. “இது ஹறாம், மடுத்தீன். என்ர கொட்டிலுக்க வேண்டாம்” என்றார்.

“அப்ப சிப்பியைத் திறக்காமல் ஏலத்தில எடுக்கிற யாவாரிமார் செய்யிறது என்ன, சம்மாட்டி?” என்று கேட்டேன். அவர் தொழப் போய்விட்டார். பதில் இல்லாதவர்கள் எல்லாரும் எங்கேயாவது போய்விடுகிறார்கள்.

பஸ்ரியன் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. பிரேதத்தைப் பார்த்தீர்கள், அது போதும் என்று நினைத்தீர்கள். அகலமான நெஞ்சு, உப்பில் சிவந்த கண், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தபோது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “பங்களாவில படிச்சதை எங்களுக்கும் படிப்பிச்சுத் தாறியள் மச்சான். பெரிய மனசு உங்களுக்கு” என்றான். அவனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். யாரையும் நல்லவன் என்று சொல்லிவிட்டு அவன் தூங்கிவிடுவான்.

அவனைப் படிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் வெருட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். சுழியோடி இல்லையா, பயம் வந்தால் நெஞ்சு தன்பாட்டில் மூடிக்கொள்கிறது. அவன் நெஞ்சு அசையாமல் நின்றால் நான் காட்டு என்பேன். வெறுங்கை இருக்கும். இப்படியே அவனுடைய சிப்பியெல்லாம் கொட்டிலின் மூலையில் என் குவியலுக்கு வந்து சேர்ந்தது. நான் அவற்றைத் திறக்கவில்லை, விற்கவும் இல்லை. குவியலாகப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருந்தது.

மதலேனாள் சோறு கொண்டுவந்தவள் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

“அண்ணை, அவற்ர சிப்பியைக் கொஞ்சம் விட்டுக் குடுங்கோ. அவருக்குக் காதால ரத்தம் வருது. இந்தக் குளிப்போட காணும், கடலை விட்டிட்டு ஊரில ஒரு சின்ன வள்ளமும் வலையும் எடுத்துக்கொண்டு இருப்பம் எண்டு நினைச்சிருக்கிறம்.”

“விளையாட்டில விட்டுக் குடுக்கிறதெண்டு இல்லைப் பிள்ளை” என்றேன். அது அந்த விளையாட்டின் விதி. நான் உண்டாக்கியது இல்லை.

அவள் அவனிடமும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பின்னேரம் அவன் வேறு மாதிரி வந்து உட்கார்ந்தான். சிரிப்பு இருந்தது, காதுக்காக நாளையோடு சுழியோடுவதை நிறுத்துவதாகச் சொன்னான். எனக்கு மூன்று ராசா வந்தது. அவன் கடதாசி ஒன்றை மட்டும் மாற்றினான். பார்த்தான். நெஞ்சு அசையாமல் நின்றது. தன்னிடம் இருந்த சிப்பியையெல்லாம் நடுவில் தள்ளினான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என் குவியல் முழுவதையும் கொண்டுவந்து கொட்டினேன். அவன் இனி உழைக்கப் போகிற கடைசி நாள் சிப்பியையும் அதற்குச் சமமாக வைப்பதாகச் சொன்னான். “நல்லது தம்பி, நீங்களே முதலில காட்டுங்கோ” என்றேன்.

அவன் மூச்சை விட்டான். ஐந்தும் இஸ்பேட்.

யாகப்பர்தான் முதலில் சிரித்தான். பிறகு கொட்டிலில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். என் முகத்தில் ரத்தம் ஏறியது எனக்கே தெரிந்தது. தோற்றதற்காக இல்லை, எவனும் தோற்கலாம். மூச்சைப் பிடிக்கிற பழக்கத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“முதலே தெரியும் மச்சான்” என்றான். “வேலை போன கவலையில வந்திருந்தியள். வெல்லுறதில உங்களுக்கு ஒரு சந்தோசம். சரி, வெல்லட்டும் எண்டு விட்டனான். இப்ப மதலேனாள் கேக்கிறாள், அதுதான்.”

நான் கடதாசிகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவன் விளக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னான்.

“உங்கட கையும் எங்களுக்குத் தெரியும். நல்ல கை வந்தால் தம்பி, அண்ணை, வையுங்கோ, காட்டுங்கோ எண்டு மரியாதையாக் கதைப்பியள். கையில ஒண்டும் இல்லாட்டித்தான் எங்களை நாயிலும் கேவலமாப் பேசுவியள். வள்ளத்தில எல்லாருக்கும் தெரியும். பகிடிதான் மச்சான், கோவிக்காதையுங்கோ.”

பிறகு அந்தக் குவியலைக் கையால் இரண்டாகப் பிரித்தான். ஒரு பாதியை என் காலடிக்குத் தள்ளினான்.

“இது உங்களுக்கு. எடுங்கோ.”

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், முதலியார். வென்றவன் தோற்றவனுக்குப் பாதி கொடுப்பது எந்தப் போக்கரிலும் இல்லை. துரைமார் மண்டுகள், ஆனால் அவர்கள்கூட அப்படி ஒருவரை ஒருவர் அவமதித்தது கிடையாது. அன்று பின்னேரம் முழுவதும் அந்தச் சிப்பிகள் என் காலடியில் நாறிக்கொண்டு கிடந்தன. நான் தொடவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்டால், இல்லை. ஒரு மடையன்மேல் கோபப்படுவது எனக்குக் கைவந்த காரியம் இல்லை.

மறுநாள் அவனுக்குக் கடைசி நாள். வள்ளத்தில் என் கண்முன்னே கயிற்றை இடுப்பில் கட்டினான். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் “பிடியுங்கோ மச்சான்” என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் மூக்கைப் பொத்துவான். அன்றைக்கும் அப்படித்தான். காலையில் இறங்கிய முறையெல்லாம் நான் ஒழுங்காக இழுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஏதோ மனதில் திட்டம் போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன் என்று பிறகு யாரும் எழுதக்கூடாது.

வெடி கேட்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கடைசி முறை என்று சொல்லிவிட்டு இறங்கினான். கயிறு என் கையில் ஓடியது, நின்றது. பிறகு இழுப்பு வந்தது.

அந்த இழுப்பு உள்ளங்கைக்கு வந்த உடனேயே எனக்குத் தோன்றியது, இவன் வெருட்டுகிறான். மூச்சு இருக்கும்போதே இழுக்கிறான். நான் பதறிக்கொண்டு தூக்க வேண்டும், அதை வள்ளத்தில் எல்லாரும் பார்க்க வேண்டும், மேலே வந்து பகிடிதான் மச்சான் என்று சொல்ல வேண்டும். மேலே மூச்சில் பொய் சொல்லத் தெரிந்தவனுக்குக் கீழே கயிற்றில் பொய் சொல்லத் தெரியாதா? ஒருமுறை அவனுடைய மூச்சை நம்பி ஏமாந்தேன். ஆகையால் இந்த முறை நான் அவசரப்படவில்லை. காட்டு என்று மனதுக்குள் கேட்டுவிட்டு நின்றேன்.

மறுபடியும் இழுத்தான், முன்னதைவிடப் பலமாக. ஏற்றுகிறான் என்று நினைத்தேன். அதற்கும் நான் தூக்கவில்லை.

பிறகு அவன் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து ஏறத் தொடங்கினான். அந்தப் பாரம் தோள்வரை தெரிந்தது. நான் விட்டுக்கொடுத்தேன். அவன் ஒரு முழம் ஏற, நான் ஒரு முழம் கயிறு விட்டேன். அவன் பிடிக்கிற கயிறெல்லாம் அவன் மேலேயே தொய்ந்து விழுந்திருக்கும். கழுத்தில் கிடந்த பையைக் கழற்றி எறிந்திருந்தால் வெறும் உடம்போடு மேலே வந்திருப்பான். எறியவில்லை. இவ்வளவு வைத்துவிட்டோமே என்று கெட்ட கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றி முதலிலேயே சொன்னேன். இல்லாவிட்டால் அடுத்த பிடிக்குக் கயிறு இறுகும், மச்சான்தானே மேலே நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தானோ தெரியவில்லை. அவன் நினைக்கக்கூடியவன்தான்.

பக்கத்தில் தன் ஆளுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த யாகப்பர் திரும்பிப் பார்த்தான்.

“மடுத்தீன், உன்ர கயிறு ஆடுது.”

“இன்னும் சைகை வரேல்லை, யாகப்பர் அண்ணை” என்றேன். “நீங்கள் உங்கட கயிற்றைப் பாருங்கோ.”

அண்ணை என்று கேட்டதும் யாகப்பர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு தன் கயிற்றுக்குத் திரும்பிக்கொண்டான். உங்களிடம் பெருவிரல் வைத்தபோதும் அவன் என் பக்கம் பார்க்கவில்லை. அவனிடம் இருந்தது நல்ல கை. கவிழ்த்துவிட்டான்.

கடைசியில் இரண்டு சின்ன இழுப்பு வந்தது, தூண்டிலில் குஞ்சு மீன் கடிக்கிற மாதிரி. அதன்பிறகு கயிறு கனமாக, அமைதியாக இருந்தது. பஸ்ரியனும் கவிழ்த்துவிட்டான் என்று விளங்கியது. உடனே தூக்கவில்லை. வெடி கேட்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டதும் கத்திக்கொண்டு இழுத்தேன். வள்ளத்தில் இருந்த எல்லாரும் ஓடிவந்து இழுத்தார்கள். பை நிறையச் சிப்பி இருந்தது. அலியார் சம்மாட்டி அவனைக் குப்புறப் போட்டு முதுகை அமத்தினார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நான் வெருட்டியதிலேயே நல்ல வெருட்டு. சம்மாட்டி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “உன்னில பிழையில்ல, அல்லா எழுதின எழுத்து” என்றார்.

மதலேனாளுக்குச் சொல்ல நான்தான் போனேன். அவள் என்னைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கயிறு என் கையில் இருந்தது. அவள் புருசன் பிணமாக வந்தான். கேட்க வேண்டியது அவள்தானே? என்ன சொல்வது என்று வழிமுழுவதும் யோசித்துக்கொண்டு போனேன். இழுத்தேன் வரவில்லை என்பதா, சைகையே வரவில்லை என்பதா என்று.

அவள் நிலத்தில் இருந்து அழுதாள். நேரம் போனபிறகு என் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் கயிறு உரசிய சிவப்பு இருந்தது. அதைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

“எவ்வளவு பாடுபட்டு இழுத்திருக்கிறியள், அண்ணை. கயிறு உங்கட கையில இருந்தபடியாத்தான் என்ர மனம் கொஞ்சம் ஆறுது. வேற ஆரும் பிடிச்சிருந்தால் நான் சாகுமட்டும் சந்தேகப்பட்டிருப்பன்.”

அது இழுத்ததில் வந்த சிவப்பு இல்லை. கயிறு விட்டதில் வந்தது.

நேற்று அவனை அடக்கம் செய்துவிட்டு வந்து, அவன் வென்ற பாதிச் சிப்பியையும் கடைசிப் பையையும் அவள் என் கொட்டிலுக்கு அனுப்பிவைத்தாள். அண்ணைதான் இனி எங்களைப் பார்ப்பார், அவரே வைத்திருக்கட்டும் என்றாளாம். இப்போது எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலையில் சிலதைத் திறந்து பார்த்தேன். சேறும் புழுவும்.

இதுதான் போக்கர், முதலியார். அலியார் சம்மாட்டி கேட்கவில்லை. யாகப்பர் கேட்கவில்லை. சொந்தத் தங்கச்சி கேட்கவில்லை. அரசாங்கத்தின் சம்பளம் வாங்கிக்கொண்டு விசாரிக்க வந்த நீங்கள், கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கடதாசி விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு மச்சான் முறையானவன் என்று தெரிந்ததும் பேனையை எடுத்து முடித்துவிட்டீர்கள். எல்லாரும் கவிழ்த்துவிட்டீர்கள். இப்படி ஒரு கையை இந்தக் கரையில் எவனும் விளையாடியதில்லை, அதைப் பார்க்கவும் ஒருவருக்கும் தகுதியில்லை.

என்ன, பேனை கீழே விழுந்துவிட்டதா? எடுங்கள். நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், விடுங்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒன்றில் எழுத வேண்டியிருக்கும். வங்காலை மடுத்தீன் ஆகிய நான், என் தங்கை மதலேனாளின் புருசன் பஸ்ரியன் கீழே உயிரோடு கயிற்றை இழுக்கிறான் என்று தெரிந்துகொண்டே தூக்காமல் விட்டேன், அவன் ஏற ஏறக் கயிற்றை விட்டுக்கொடுத்தேன், அவன் சாகும்வரை நின்றேன். அப்படியே எழுதுங்கள். வெருட்டுகிறான் என்று நினைத்தது முதல் இழுப்புக்கு மட்டும்தான்.

ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன். கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் நான் மனிதரைக் கேவலமாகப் பேசுவேன் என்று செத்தவன் சொன்னது சுத்தப் பொய். நீங்களே சொல்லுங்கள், இந்த ஆடுகிற கதிரையில் நீங்கள் வந்து உட்கார்ந்த நேரம் முதல் உங்களை மடையன் மாதிரித்தானே நடத்திப் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் என் கையில் ஒன்றுமே இல்லை என்றா அர்த்தம்?